புதிய இசைக்குச் செல்லோ வாசிக்க வருகிறவர்களுக்கு

பாக், ஹைடன், துவோர்ஷாக் எல்லாம் ஓரளவு கைக்கு வந்த பிறகு, செல்லோ படிக்கும் சிலருக்கு ஒரு கேள்வி எழும். இன்று உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருப்பவர்களின் இசையை வாசிப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா? முடியும். அப்படி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கே தொடங்குவது, எதை எந்த வரிசையில் கற்பது, யாரோடு சேர்வது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தத் துறையில் முதல் அரங்கேற்றம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. விழா நடத்துகிறவர்களுக்கும் நிதி தருகிறவர்களுக்கும் "உலகிலேயே முதல்முறை" என்ற வரி பிடிக்கும். அரிதாகக் கிடைப்பது இரண்டாவது கச்சேரி. ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது ஒரே ஒரு மாலையில் பன்னிரண்டு நிமிடம் ஒலித்துவிட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. அதை எடுத்து இரண்டாம் முறை, ஐந்தாம் முறை, இருபதாம் முறை வாசிக்கிற செல்லோ கலைஞரைத் தேடித்தான் அடுத்த படைப்பு வரும். கீழே வரும் படிகளை எல்லாம் இந்தக் கணக்கை வைத்தே எழுதியிருக்கிறேன்.

படி 1: பழைய பாடத்தை விடாதீர்கள்

ஸ்கேல், பாப்பர் செல்லோவுக்கு எழுதிய பயிற்சிகள், பாக்கின் ஆறு சூட்கள் (நடன இசைத் தொகுதிகள்) ஆகியவற்றின் தினசரி சாதகம் நிற்கக் கூடாது. கீறலும் உரசலும் நிறைந்த படைப்புக்குச் சுருதி சுத்தம் எதற்கு என்று நினைப்பவர்கள் சீக்கிரமே மாட்டிக்கொள்வார்கள். ஒரு முழு வில்லை முப்பது விநாடிக்கு இழுக்கத் தெரியாதவருக்கு அந்த உரசலும் நிலையாக வராது. 1960களில் புதிய செல்லோ இசையின் முகமாக இருந்த ஜெர்மானியர் சீக்ஃப்ரீட் பால்ம், ஹாம்பர்கிலும் கொலோனிலும் வானொலி இசைக்குழுக்களில் முதல் செல்லோ நாற்காலியில் இருந்தவர். செல்லோ கலைஞர் ழான்-கியென் கெராஸ் 1990 முதல் 2001 வரை பாரிஸின் புதிய இசைக் குழுவான 'ஆன்சாம்பிள் ஆந்தர்கோந்தெம்பொரேன்'-இல் வாசித்தவர். பாக்கும் ஹைடனும் அவருக்கு அதே அளவு சொந்தம்.

படி 2: நூறாண்டுப் பாதையை வரிசையாக நடங்கள்

நேராகக் கடினமான படைப்பில் குதிப்பது வழக்கமான தவறு. என் பரிந்துரை இது.

வெபர்ன் 1914இல் எழுதிய மூன்று சிறு துண்டுகளில் தொடங்குங்கள். செல்லோவும் பியானோவும். மூன்றும் சேர்ந்தே இரண்டரை நிமிடம்தான் வரும். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருக்கிற மௌனத்தை எப்படித் தாங்குவது என்று அது சொல்லித்தரும். அடுத்து லிகெட்டியின் தனிச் செல்லோ சொனாட்டா (1948, 1953), க்ரம்பின் தனிச் செல்லோ சொனாட்டா (1955). இரண்டும் ஒரு மாணவரின் கைக்கு எட்டும், மேடையிலும் நன்றாக எடுபடும்.

கொடாயின் தனிச் செல்லோ சொனாட்டா (1915) இன்னும் பெரிய மலை. அதில் கீழ் இரண்டு தந்திகளையும் அரைச்சுரம் இறக்கிச் சுதி சேர்க்க வேண்டும்: ஜி தந்தி எஃப் ஷார்ப்புக்கும், சி தந்தி பி-க்கும் போகும். வாத்தியத்தின் குரலே மாறிவிடும். சுதி மாற்றி வாசிக்கும் எந்தப் படைப்பிலும், எழுதியிருப்பது விரல் வைக்கும் இடமா, காதில் விழும் சுரமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு வார உழைப்பு வீண்.

அதற்குப் பிறகு குபைதுலினாவின் பத்து பிரெலூட்கள் (1974). என்னைக் கேட்டால், எல்லா மாணவரும் வாசிக்க வேண்டிய தொகுதி இதுதான். குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு) அருகில் வாசிப்பது, விரற்பலகை மேல் வாசிப்பது, ம்யூட் (ஒலியை அடக்கும் சிறு கருவி) போட்டு வாசிப்பது, எடுத்துவிட்டு வாசிப்பது என்று ஒவ்வொரு பிரெலூடும் ஒரு நுட்பத்தைக் கையில் எடுக்கிறது. பயிற்சி என்ற வாடையே இல்லாமல் நல்ல இசையாகவும் இருக்கிறது.

இவற்றுக்குப் பிறகு சாரியாஹோவின் 'செப்ட் பாப்பியோன்' (2000), லுடோஸ்லாவ்ஸ்கியின் செல்லோ கான்செர்டோ (1970; தனிச் செல்லோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது). ஸெனாகிஸின் 'நோமோஸ் ஆல்ஃபா' (1966), லாகென்மனின் 'பிரெஸ்ஸியோன்' (1969), ஃபெர்னிஹோவின் 'டைம் அண்ட் மோஷன் ஸ்டடி 2' ஆகியவை கடைசிப் படி. அங்கே போகச் சில ஆண்டுகள் ஆகும், ஆகட்டும்.

படி 3: வில்லை மறுபடி கற்றுக்கொள்ளுங்கள்

பழைய இசையில் இடக்கை சுரத்தைத் தேடுகிறது, வில் அதற்கு உயிர் கொடுக்கிறது. புதிய இசையில் பல நேரம் வில்லே இசையின் பொருளாகிவிடுகிறது. வில் எந்த இடத்தில் படுகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, முடி முழுதும் படுகிறதா, ஓரம் மட்டுமா என்ற நான்கையும் தனித்தனியாக மாற்றப் பழகுங்கள். திறந்த டி தந்தி ஒன்றே போதும். அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றாமல் விரற்பலகையிலிருந்து குதிரை வரை வில்லை மெல்ல நகர்த்துங்கள். புல்லாங்குழல் போன்ற மங்கல் குரல் முழுக் குரலாகி, குதிரைக்கு அருகே கண்ணாடித் தூள் போலச் சிதறும். பிறகு இடத்தை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் கூட்டுங்கள். சுரம் உடைந்து கரகரப்பாகும் அந்தப் புள்ளியில் ஒரு நிமிடம் நிற்கப் பழகுங்கள்.

லிகெட்டியின் செல்லோ கான்செர்டோ (1966) எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தனிச் செல்லோவில் ஒரே ஒரு ஈ சுரம். அதற்கு அவர் போட்டிருக்கும் ஒலி அளவு எட்டு பி (p என்ற குறி, 'சன்னமாக' என்று பொருள்). வழக்கமாக மூன்று பி என்றாலே மிக மிகச் சன்னமாக என்று பொருள். இதை அரங்கில் செய்ய ஒரே வழி, வில்லைக் காற்றிலேயே அசையவிட்டு, அசைவு நிற்காமல் நாலைந்து முடி மட்டும் படும்படி தந்தியின் மேல் இறக்குவது. சுரம் எப்போது தொடங்கியது என்று வாசிக்கிறவருக்கே தெரியக் கூடாது. பல வாரம் காலையில் முதல் வேலையாக இதைச் செய்தால்தான் மேடையில் கை நடுங்காது.

'பிரெஸ்ஸியோன்' இன்னொரு உலகம். அதன் ஸ்கோரில் (எழுதிய இசைத் தாளில்) பெரும்பாலும் எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்று எழுதியிருக்காது. கை எங்கே போக வேண்டும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும். வாத்தியத்தின் படமே ஐந்து கோட்டுக்குப் பதிலாக நிற்கிறது. விரல் நுனி தந்தியில் வழுக்கும், வில் குதிரைக்கு அப்பால் போகும், மரத்தில் உரசும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். முதல் பக்கத்தை வில் இல்லாமல், கை அசைவுகளை மட்டும் நடனப் பாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு பிறகு ஒலியைச் சேர்த்தால் எளிதாக வரும்.

இடக்கைக்கும் வேலை உண்டு. செல்லோவில் குதிரைக்கும் மேல் முனைக்கும் நடுவே தந்தியின் நீளம் ஏறக்குறைய 69 செ.மீ. முதல் நிலையில் கால்சுரத்துக்கு (அரைச்சுரத்தில் பாதிக்கு) விரல் நகர வேண்டிய தூரம் சுமார் 2 செ.மீ. அதே தந்தியில் ஒரு ஆக்டேவ் மேலே போனால் 1 செ.மீ. மட்டுமே. "கொஞ்சம் ஏற்றி வாசி" என்ற கணக்கு இங்கே எடுபடாது, தூரம் கைக்குத் தெரிய வேண்டும். ஹார்மோனிக்ஸிலும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எடுக்கும் சுரங்களிலும்) அப்படித்தான். தந்தியை ஏழில் ஒரு பங்கு இடத்தில், மேல் முனையிலிருந்து ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி, லேசாகத் தொட்டால் ஏழாவது ஹார்மோனிக் கிடைக்கும். அது பியானோவின் சுரத்தைவிட 31 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) தாழ்வாக இருக்கும். பல இசையமைப்பாளர்கள் அந்தத் தாழ்வை விரும்பித்தான் அதைக் கேட்கிறார்கள். திருத்தப் போகாதீர்கள். இந்த இடங்களை எல்லாம் தேடிப் பார்க்க எலன் ஃபாலோஃபீல்டின் 'செல்லோ மேப்' இணையதளம் பெரிய உதவி.

வாத்தியத்தையும் பாருங்கள். வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டச் சொல்லும் படைப்புகளுக்கு இரண்டாவதாக ஒரு சாதாரண வில் வைத்திருங்கள். நல்ல வில்லை அதற்குப் பலி கொடுக்காதீர்கள். வாத்தியத்தின் உடம்பில் தட்டச் சொன்னால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு விரல் சதையால் தட்டுங்கள்.

படி 4: கணக்கு

நான்கு தாள அடிக்குள் ஐந்து சுரம், நான்குக்குள் ஏழு சுரம் என்று வரும் இடங்களை உத்தேசமாக வாசிப்பவரைக் குழுவில் யாரும் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள். வழி எளிது. அடி நிமிடத்துக்கு 60 என்றால், நான்கு அடிக்குள் ஐந்து சமமாக விழ மெட்ரோனோமை 75-இல் வையுங்கள். ஏழுக்கு 105. அந்த வேகத்தைத் தனியாக உடம்பில் ஏற்றிக்கொண்டு, பிறகு 60-க்கு எதிரே வைத்துப் பாருங்கள். நம் தாளச் சொற்கள் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. வாய் சொல்லிவிட்டால் கை பின்னாலேயே வரும்.

படி 5: இசையமைப்பாளரோடு வேலை செய்வது

இதுதான் இந்தத் தொழிலின் நெஞ்சுப் பகுதி. செல்லோவின் புதிய இசை வரலாறே இருவர் இருவராகச் சேர்ந்து எழுதியது. லுடோஸ்லாவ்ஸ்கியின் கான்செர்டோவை 1970இல் லண்டனில் முதலில் வாசித்தவர் ரஷ்யச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரொபோவிச். பிரிட்டனின் மூன்று தனிச் செல்லோ சூட்களும் அவருக்காக எழுதப்பட்டவை. 'நோமோஸ் ஆல்ஃபா', லிகெட்டியின் கான்செர்டோ, பெண்டெரெட்ஸ்கியின் 'கப்ரிச்சோ' மூன்றும் பால்முக்காக. சாரியாஹோவின் செல்லோ படைப்புகளுக்குப் பின்னால் செல்லோ கலைஞர் ஆன்ஸி கார்ட்டுனன் இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ரோஹன் டி சேரம். இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அர்டிட்டி குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவில் 25 ஆண்டுகளுக்கும் மேல் செல்லோ வாசித்தவர். கண்டிய மேளமும் தெரிந்தவர். லூசியானோ பெரியோ 2002இல் அவருக்காகச் 'செக்வென்ஸா 14' எழுதியபோது அந்த மேளத்தின் அடிகள் செல்லோவுக்குள் வந்துவிட்டன. கலைஞர் விரல்களால் தந்தியிலும் மரத்திலும் தாளம் தட்டுகிறார். உங்களுக்குச் செல்லோவுக்கு வெளியே எது தெரியுமோ அதை எழுதுகிறவரிடம் மறைக்காமல் காட்டுங்கள்.

முதல் சந்திப்பில் பேச்சைக் குறைத்துக்கொண்டு வாத்தியத்தை எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரம் ஒலிகளை வாசித்துக் காட்டி, அதைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். எழுதியது கைக்கு வந்த பிறகு நடக்கும் பேச்சு இன்னும் முக்கியம். நான் பலமுறை சந்தித்த ஒரு இடம்: இளம் இசையமைப்பாளர் ஒருவர் மிகக் கீழே டி-யையும் அதற்கு மேலுள்ள எஃப்-பையும் ஒன்றாக ஒலிக்கும்படி எழுதியிருப்பார். செல்லோவின் இரண்டாவது கனத்த தந்தி ஜி-யில் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள எந்தச் சுரமும் சி தந்தியில் மட்டும்தான் கிடைக்கும். ஒரே தந்தியில் இரண்டு சுரம் சேர்ந்து வராது.

"இது வராதுங்களா?" என்று முகம் வாடிக் கேட்பார்.

"இப்படியே வராதுங்க. ஆனா உங்களுக்கு இந்த இடத்துல என்ன வேணும்னு சொல்லுங்க. ரெண்டும் சேர்ந்து உறுமணுமா, இல்ல அலையற மாதிரி இருக்கணுமா?"

அலைவது போதும் என்றால் அந்த இரண்டு சுரத்தையும் சி தந்தியிலேயே வேகமாக மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுங்கள். முதல் விரலும் நான்காம் விரலும் அழகாக எட்டும். உறுமல்தான் வேண்டும் என்றால் ஜி தந்தியை ஒரு சுரம் இறக்கி எஃப்-இல் வைத்துக் காட்டுங்கள். இப்போது எஃப் திறந்த தந்தியில் ஒலிக்கும், டி-யைச் சி தந்தியில் பிடித்துவிடலாம். ஆனால் ஜி தந்தியில் எழுதியிருக்கும் மற்ற எல்லாம் மாறும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். "முடியாது" என்ற ஒற்றைச் சொல்லோடு ஸ்கோரைத் திருப்பி அனுப்புகிறவருக்கு அடுத்த முறை பாதுகாப்பான, சப்பென்ற இசைதான் வரும்.

நேர்மாறான தவறும் உண்டு. நானே செய்திருக்கிறேன். வாசிக்க முடியாத ஒரு பக்கத்தை, கேட்கச் சங்கடப்பட்டு, எனக்குத் தோன்றியபடி மாற்றி அரங்கேற்றிவிட்டேன். எழுதியவர் அரங்கில் இருந்தார். முடிந்ததும் மரியாதையாகக் கை கொடுத்தார், ஆனால் அதன் பிறகு எனக்கு எதுவும் எழுதவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

தொடங்கும் முன்பே எழுத்தில் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. படைப்பின் நீளம். ஸ்கோர் கைக்கு வரும் நாள். கச்சேரிக்கு மூன்று மாதம் முன்னால் என்று கேளுங்கள், தாமதமாகத்தான் வரும். எத்தனை மாதம் உங்களுக்கு மட்டும் வாசிக்கும் உரிமை. பதிவு செய்யலாமா. எழுதுகிறவருக்கான தொகையை யார் தருகிறார்கள், உங்கள் கச்சேரித் தொகை அதிலிருந்து தனியா. இவற்றோடு ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: இன்ன காலத்துக்குள் குறைந்தது இன்னும் இரண்டு முறை வாசிப்பேன் என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. அதைப் படிக்கும்போது எழுதுகிறவரின் குரலே மாறுவதைக் கேட்பீர்கள்.

படி 6: குழுவும் கோடை முகாமும்

தனியாளாக இந்தத் துறையில் நுழைவது கடினம், குழு வழியாக நுழைவது எளிது. இசையமைப்பாளர் பியர் பூலேஸ் 1976இல் பாரிஸில் தொடங்கிய ஆன்சாம்பிள் ஆந்தர்கோந்தெம்பொரேன், ஜெர்மனியின் 'ஆன்சாம்பிள் மொடெர்ன்' (1980), வியன்னாவின் 'கிளாங்ஃபோரும்' (1985), 'லண்டன் சின்ஃபோனியெட்டா' (1968) போன்றவை இந்த இசைக்கென்றே இருக்கும் பெரிய குழுக்கள். அவற்றில் இடம் காலியாவது எப்போதோ ஒருமுறைதான். ஆனால் இளைஞர்களுக்கு அகாடமிகள் உண்டு: ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆன்சாம்பிள் மொடெர்னின் அகாடமி, பூலேஸ் தொடங்கி வைத்த லூசெர்ன் விழா அகாடமி, 1946 முதல் நடக்கும் டார்ம்ஷ்டாட் கோடைப் பயிற்சி. அங்கே வகுப்பைவிட உணவு மேசையில் பக்கத்தில் உட்காருகிற உங்கள் வயது இசையமைப்பாளர்தான் பெரிய லாபம். இருபது ஆண்டு கழித்தும் உங்களுக்கு எழுதிக்கொண்டிருப்பவர் அவராக இருக்கலாம். எங்கும் போக வசதியில்லை என்றால், படிக்கும் இடத்திலேயே நான்கு பேரைச் சேர்த்து ஒரு குழு தொடங்குங்கள். க்ரோனோஸ் குவார்ட்டெட்டும் (1973) அர்டிட்டியும் (1974) நால்வராகத் தொடங்கியவைதான்.

படி 7: மின்னணு

இது இல்லாமல் இப்போது காலம் தள்ள முடியாது. முன்பே பதிவு செய்த ஒலியோடு சேர்ந்து வாசிக்கும் வகையில் தொடங்குங்கள். ஸ்டீவ் ரைக்கின் 'செல்லோ கவுண்டர்பாயிண்ட்' (2003) எட்டுச் செல்லோவுக்கானது, ஏழை முன்பே பதிவு செய்துகொண்டு எட்டாவதை மேடையில் வாசிக்கலாம். அடுத்து, மேடையிலேயே ஒலியை மாற்றும் வகை. சாரியாஹோவின் 'பெட்டல்ஸ்' (1988) மின்னணுவோடும் இல்லாமலும் வாசிக்கக்கூடியது என்பதால் பழகுவதற்கு ஏற்றது. சொந்தமாக ஒரு கிளிப் மைக், கால் பெடல், ஒலி இடைமுகம் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) வைத்திருங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் எந்த ஒயர் எங்கே போகும் என்று ஒரு பக்கப் படம் வரைந்து வையுங்கள். பழைய நிரல்கள் புதிய கணினியில் ஓடாமல் போவது சாதாரணம். அந்தப் படமும் ஒரு பதிவும் இருந்தால் வேறொருவர் மீண்டும் கட்டியெழுப்பிவிடலாம். இல்லையென்றால் படைப்பு அங்கேயே செத்துவிடும்.

படி 8: வருமானம்

ஒரே ஊற்றை நம்பாதீர்கள். குழுக் கச்சேரி, தனிக் கச்சேரி, வகுப்பெடுப்பது, பதிவு, இசையமைக்கும் மாணவர்களுக்குச் செல்லோ எழுதக் கற்றுத்தரும் பட்டறை என்று நாலைந்து கிளை வேண்டும். அந்தப் பட்டறையை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆனால் நிலையாக வருவதும், புதிய படைப்புகளைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அதுதான். தனிச் செல்லோ ஸ்கோரை விலைக்கு வாங்கலாம், ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளைப் பதிப்பாளரிடம் வாடகைக்கே எடுக்க வேண்டியிருக்கும். நிதி விண்ணப்பத்தில் அந்த வாடகையை மறந்துவிட்டுத் தவிப்பவர்கள் பலர். நகல் எடுத்து ஒப்பேற்றாதீர்கள். எழுதியவரும் உங்களைப் போல இதில்தான் சாப்பிடுகிறார். கச்சேரி முடிந்ததும் வாசித்த பட்டியல் உரிமைத் தொகை வசூலிக்கும் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அரங்கத்தாரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

படி 9: நிகழ்ச்சி அமைப்பதும் மறுபடி வாசிப்பதும்

ஒரு மாலை முழுக்கப் புதியவை மட்டும் வைக்கலாம், தவறில்லை. ஆனால் ஒரு படைப்பு பல ஊர்களுக்குப் போக வேண்டுமென்றால் அதற்குத் துணை தேடுங்கள். கெராஸ், பாக்கின் ஆறு சூட்களுக்கும் முன்னால் வாசிக்க ஆறு பேரிடம் புதிதாக எழுதி வாங்கினார். குர்டாகும் ஜொனாதன் ஹார்வியும் அவர்களில் இருவர். பாக்கைக் கேட்க வந்தவர் அவர்களையும் கேட்டுவிட்டுப் போகிறார். வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் பேசுங்கள். தத்துவம் வேண்டாம். "இந்தச் சத்தம் இங்கிருந்து வருகிறது" என்று வில்லைக் குதிரை மேல் வைத்துக் காட்டினால் போதும், அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

அரங்கேற்றம் முடிந்த வாரமே, கை மறக்கும் முன், இவற்றைச் செய்துவிடுங்கள். விரல் எண்களையும் வில் போக்கையும் சுத்தமான ஸ்கோரில் எழுதுங்கள். பிழைகளைப் பட்டியலிட்டு இசையமைப்பாளருக்கு அனுப்புங்கள். எந்த இடம் நீளம், எந்த இடம் மூச்சு விடவில்லை என்று அவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். திருத்துவதற்கு அவருக்கும் ஒரு காரணம் வேண்டும், நீங்கள் சொல்லும் அடுத்த தேதிதான் அந்தக் காரணம். லாகென்மன் 1969இல் எழுதிய 'பிரெஸ்ஸியோன்' 2010இல் திருத்தப்பட்டது. நடுவில் இருந்த 41 ஆண்டும் அதை யாரோ ஒரு செல்லோ கலைஞர் எங்கேயோ சாதகம் செய்துகொண்டே இருந்தார்.